சந்தம் நின்றது, பண் நழுவியது

மார்கழித் திருவாதிரைக்குத் திருவாலங்காடு போகிறவர் காதில் கோயில் மணிக்கு முன்னால் ஒலிபெருக்கிதான் விழும். டி.எம். சௌந்தரராஜன், சீர்காழி கோவிந்தராஜன், எல்.ஆர். ஈஸ்வரி, எஸ்.பி. பாலசுப்ரமணியம் என்று சினிமாவில் பேர் வாங்கிய குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இந்த ஊரைப் பாடியவர்களின் பட்டியலோ வேறு. காரைக்கால் அம்மையார் தம் மூத்த திருப்பதிகங்கள் இரண்டையும் இத்தலத்துக்கே பாடினார். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடியிருக்கிறார்கள். அருணகிரிநாதரும் விட்டுவைக்கவில்லை. இந்த இரண்டு பட்டியலும் எங்கே சந்திக்கின்றன? ஜனரஞ்சகமான பாட்டில் புகழ்பெற்ற குரல்கள் பழைய பாட்டைத் தட்டில் ஏற்றியபோது எதை எடுத்துக்கொண்டன, எதைத் தொடாமல் விட்டன, எடுத்ததில் எது மாறிப்போயிற்று? தமிழ் இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கேள்வியை 'சினிமா கெடுத்தது' அல்லது 'சினிமா காப்பாற்றியது' என்ற ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பதிவுகளை வரிசையாகக் கேட்டால் இரண்டும் சரியில்லை என்று தெரியும்.

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு ஒரு தெளிவான வரலாறு இருக்கிறது. 1954இல் மெம்பிஸ் நகரத்தின் சன் ஸ்டூடியோவில் எல்விஸ் பிரெஸ்லியின் முதல் இசைத்தட்டு தயாரானது. அதன் மறுபக்கத்தில் இருந்தது பில் மன்ரோ 1946இல் பதிவு செய்த ஒரு கிராமியப் பாட்டு. மன்ரோ அதை மூன்று எண்ணிக்கையில் நிதானமாகப் பாடியிருந்தார். எல்விஸ் நான்கு எண்ணிக்கையாக்கி ஓடவிட்டார். மன்ரோ என்ன செய்தார் என்பதுதான் விசேஷம். அதே ஆண்டு தம் பாட்டைத் தாமே மறுபடி பதிவு செய்தார்: தொடக்கம் பழைய மூன்று, பிறகு இளைஞனின் நான்கு. பாட்டை எழுதியவரே புதிய பதிவுக்கு வழிவிட்டார்.

ஜெர்ரி லீ லூயிஸ் கதை இன்னொரு விதம். பியானோவைக் காலால் உதைத்து வாசித்த ராக் அண்ட் ரோல் முரடர் என்று பேர். பதின்மூன்று வயது உறவுப் பெண்ணை மணந்தது 1958இல் வெளியே தெரிந்து சந்தை சரிந்தது. பத்தாண்டு கழித்து அவரைத் தூக்கி நிறுத்தியது கிராமிய இசைதான். 1969இல் அந்த இசையின் பழைய வெற்றிப் பாடல்களை மட்டும் பாடி இரண்டு இசைத்தட்டு வெளியிட்டார். அடைக்கலம் தேடிப் போனார் என்று அப்போது சொன்னவர்கள், 1956இல் வந்த அவருடைய முதல் தட்டே ரே பிரைஸ் பாடிப் பிரபலமான ஒரு கிராமியப் பாட்டு என்பதை மறந்துவிட்டார்கள். லூயிசியானாவின் சிற்றூரில் சிறுவயதில் வானொலியில் கேட்டு வளர்ந்த இசைக்குத்தான் அவர் திரும்பினார். கிராமிய இசையின் புகழ் மண்டபம் 2022இல் அவரைச் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு இறந்துபோனார்.

வளர்ந்த இசைக்கே திரும்பினார் என்ற செய்தி நம் பாடகர்களுக்கும் பொருந்தும். கே.பி. சுந்தராம்பாள் பிறந்த கொடுமுடி பாடல்பெற்ற தலம். டி.எம்.எஸ். மதுரையில் பஜனைகளுக்கு நடுவே வளர்ந்தவர், காரைக்குடி ராஜாமணி ஐயங்காரிடம் முறையாகப் பாடம் கேட்டவர். சீர்காழி சென்னைத் தமிழிசைக் கல்லூரியில் படித்தவர். எஸ்.பி.பி.யின் தகப்பனார் ஹரிகதை செய்தவர். வெளியாள் உள்ளே புகுந்தான் என்ற குற்றச்சாட்டு இவர்களிடம் எடுபடாது. மாற்றம் நடந்தது உண்மை. நடத்தியது பாடகரின் பிறப்போ படிப்போ இல்லை, பதிவு என்ற தொழில்.

அந்தத் தொழிலின் முதல் நிபந்தனை நேரம். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், கொஞ்சம் இழுத்தால் மூன்றரை. தேவாரப் பதிகம் ஒன்றில் பத்து அல்லது பதினோரு பாட்டு. ஓதுவார் பண்ணை நிறுத்தி, ஒவ்வொரு பாட்டாக அதே பண்ணில் ஓதிக்கொண்டு போவார். ஏழாம் எட்டாம் பாட்டுக்கு வரும்போது அந்தப் பண் கேட்பவர் உடம்பில் ஊறியிருக்கும். மூன்று நிமிடத்தில் இதற்கு இடமேது? ஒரே ஒரு பாட்டைப் பிய்த்தெடுத்து விருத்தமாக இழுத்து, அதன் வாலில் ஒரு கீர்த்தனையைக் கட்டித் தட்டை நிரப்பினார்கள். நாடக மேடையில் ஏற்கெனவே இருந்த வழக்கம் இது. தட்டு அதை நாடு முழுக்கக் கொண்டுபோயிற்று. பாட்டு பிழைத்தது, பதிகம் சிதறியது.

1935இல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் சுந்தராம்பாள் ஆண் வேடமிட்டு நந்தனாராக நடித்தார். ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் என்பது அன்று ஊர் முழுக்கப் பேச்சு. 1942இல் ஜெமினியின் 'நந்தனார்' வந்தது, எம்.எம். தண்டபாணி தேசிகர் நடித்து. தேவார இசையில் ஊறியவர் தேசிகர். பிற்பாடு அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறைக்கே தலைவரானார். சுந்தராம்பாளுடையது, ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்கும் எட்ட வேண்டும் என்று பழகிய குரல். தேசிகர் குரல் கருவறைக்கு முன் நின்று பழகியது. ஆனாலும் இருவரையும் சினிமா கொண்டுபோய் நிறுத்திய இடம் ஒன்றே: கோபாலகிருஷ்ண பாரதியின் கீர்த்தனை, பல்லவி சரணம் உள்ள பாட்டு. திரும்பத் திரும்ப வரும் பல்லவி இருந்தால்தான் மூன்று நிமிடத்தில் பாட்டு மனத்தில் ஒட்டும். தேவாரம் தெரிந்தவரே கிடைத்தும் தேவாரப் பதிகம் முழுதாகப் படத்தில் ஏறவில்லை.

திருப்புகழின் விதி வேறாக இருந்தது. திருவாலங்காட்டு வட்டாரத்துக்கும் அதற்கும் உள்ள உறவு பழசு. திருத்தணிக்கு மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட திருப்புகழ்கள் இருக்கின்றன. ஏடுகளில் சிதறிக் கிடந்தவற்றைத் தேடிச் சேர்த்து 1894இலும் 1901இலும் அச்சில் கொண்டுவந்தவர் மாவட்ட முன்சீபாக இருந்த வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை. சிதம்பரம் தீட்சிதர்கள் வழக்கொன்றில் திருப்புகழ் ஒன்றை ஆதாரமாகக் காட்டியதைக் கேட்டுத்தான் அவருக்கு இந்தத் தேடல் பிடித்தது என்பார்கள். உரையெழுதி அந்த வேலையைத் தொடர்ந்த மகன் செங்கல்வராய பிள்ளைக்குத் தணிகைமணி என்றே பட்டம். ஆங்கிலப் புத்தாண்டுக்குத் துரைமாரைப் பார்க்கப் போவானேன், தணிகைத் துரையைப் பார்ப்போம் என்று டிசம்பர் 31 இரவில் மலையின் 365 படிக்கும் பூசை செய்து திருப்புகழ் பாடவைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். இவ்வளவு உழைப்புக்குப் பிறகும் திருப்புகழ் பக்தர் குழாமுக்குள்தான் இருந்தது. அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தது 1964இல் வெளியான 'அருணகிரிநாதர்' படமும் டி.எம்.எஸ். குரலும். இசை ஜி. ராமநாதனும் டி.ஆர். பாப்பாவும்.

முருகன் அடியெடுத்துக் கொடுத்துப் பிறந்ததாகச் சொல்லும் அந்த முதல் திருப்புகழைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அச்சுப் புத்தகத்தில் பாட்டுக்குத் தலையிலேயே சந்தக் குழிப்பு போட்டிருக்கும்: தத்தத்தன தத்தத் தனதன. விரல் விட்டு எண்ணினால் முதல் துண்டு ஆறு மாத்திரை, அடுத்தது எட்டு. சேர்த்துப் பதினான்கு, அதாவது இரண்டு ஏழு. இதே அளவு மும்முறை வந்து 'தனதான' என்று தொங்கலில் நிற்கும். வல்லொற்று எங்கே விழ வேண்டும், எங்கே குறில் ஓட வேண்டும் என்பதெல்லாம் எழுத்திலேயே முடிவாகிவிட்டது. பாடுகிறவர் யாராக இருந்தாலும் வாயைத் திறந்தால் தாளம் தானாக வந்து நிற்கும். கச்சேரிக்காரர்கள் இதைக் கௌளையில் பாடுவார்கள். படத்தில் சண்முகப்பிரியா. ராகம் அடியோடு மாறியிருக்கிறது. ஆனாலும் பாட்டு பாட்டாகவே இருக்கிறது. பேய்களும் கழுகுகளும் கூத்தாடும் போர்க்களப் பகுதியில் டி.எம்.எஸ். அழுத்திச் சொல்லும் ஒவ்வொரு வல்லெழுத்தும் அருணகிரியார் வைத்த இடத்திலேயே விழுகிறது.

அருணகிரியார் எந்த மெட்டில் பாடினார் என்பது நமக்கு வந்து சேரவில்லை. இன்று பாடப்படும் மெட்டுகள் எல்லாமே பிற்காலத்தில் அமைந்தவை. ஆகவே சண்முகப்பிரியாவை யாரும் துரோகம் என்று சொல்ல முடியாது. சந்தத்தை உடைத்திருந்தால் சொல்லலாம். அதை உடைக்க நினைத்தாலும் முடியாது என்பதுதான் திருப்புகழின் பலம். மன்ரோவுக்கு நடந்தது இங்கேயும் நடந்தது. படிவிழாவுக்கு வரும் பஜனைக் கோஷ்டியில் பாதிப்பேர் இன்று பாடுவது படத்து மெட்டைத்தான், அது படத்து மெட்டு என்று தெரியாமலே.

தேவாரத்துக்கு இந்தக் கவசம் இல்லை. அதிலும் கட்டளை உண்டு, யாப்பின் தாளம் உண்டு. ஆனால் அதன் உயிர்நிலை பண். சம்பந்தர் ஆலங்காட்டுப் பதிகத்துக்குத் தக்கராகம், சுந்தரர் பதிகத்துக்குப் பழம்பஞ்சுரம். இன்றைய ஓதுவார்கள் முன்னதைக் காம்போதியிலும் பின்னதைச் சங்கராபரணத்திலும் பாடுகிறார்கள். தருமபுரம் ப. சுவாமிநாதன் பாடிய தேவாரப் பதிவுகளைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். அலங்காரம் குறைவு, சொல் தெளிவு, பண் கடைசிவரை ஒரே நிலை. சினிமாக் குரல்கள் தேவாரம் பாடும்போது சொல் இருக்கும், பக்தி இருக்கும், குரல் இன்னும் இனிமையாகக்கூட இருக்கும். பண் மட்டும் இசையமைப்பாளரின் விருப்பம். நம்பியாண்டார் நம்பி காலத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்துப் பண்களை மீட்டதாகப் புராணம் சொல்கிறது. சொல் கிடைத்த பிறகும் இசைக்குத் தனியாக ஒரு தேடல் தேவைப்பட்டது என்று அன்றே தெரிந்திருக்கிறது.

எஸ்.பி.பி.யைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் பிறந்த கோனேட்டம்பேட்டை பள்ளிப்பட்டுப் பக்கம். திருத்தணி தாலுகா 1960 ஏப்ரல் முதல் தேதிவரை ஆந்திரத்தோடு இருந்தது. படாஸ்கரின் எல்லைத் தீர்ப்பும் ம.பொ.சி.யின் போராட்டமும் அதை இந்தப் பக்கம் கொண்டுவந்தன. கோடு எங்கே விழுந்தாலும் இங்கே வீட்டுக்கு வீடு இரண்டு மொழியும் புழங்கும். அந்த மண்ணில் பிறந்தவர், கர்நாடக இசையை முறையாகக் கற்காதவர், கே. விஸ்வநாத்தின் 'சங்கராபரணம்' படத்தில் வித்வான் சங்கர சாஸ்திரியின் குரலானார். மைசூர் வாசுதேவாச்சாரியார், சதாசிவ பிரம்மேந்திரர், பத்ராசல ராமதாசர் என்று சபாக்களின் சொத்தாக இருந்த உருப்படிகளை டீக்கடைக்குக் கொண்டுபோனார். முதலில் தயங்கினார். இசையமைப்பாளர் கே.வி. மகாதேவனின் உதவியாளர் புகழேந்தி தைரியம் சொல்லி, ஒவ்வொரு சங்கதியாகச் சொல்லிக்கொடுத்துத் தயார் செய்தார். தேசிய விருது கிடைத்தது. சபாக்காரர்கள் சிலருக்கு முகம் கோணியது. கமகம் போதவில்லை என்றார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் ராகத்தை மாற்றவில்லை, சாகித்தியத்தைச் சுருக்கினாலும் சிதைக்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்து பாடம் கேட்ட பதிவு அது. இந்த வகைப் பதிவுகளில் என் கணக்கில் முதல் இடம் அதற்குத்தான்.

எல்.ஆர். ஈஸ்வரிதான் இந்த வரிசையில் ஜெர்ரி லீயின் நிஜமான உடன்பிறப்பு. 'பணமா பாசமா' (1968) படத்தின் இலந்தைப்பழப் பாட்டும், 'சிவந்த மண்' (1969) படத்தில் சாட்டையடிக்கு நடுவே வரும் பாட்டும் பாடிய குரல், ஆடி மாதம் ஆனால் கூழ் ஊற்றும் இடமெல்லாம் மாரியம்மனைக் கூப்பிடுகிறது. கிளப் டான்ஸுக்குப் பாடியவர் சாமிப்பாட்டு பாடலாமா என்று கேட்ட ஆசாரக்காரர்களுக்கு ஜனங்கள் பதில் சொல்லிவிட்டார்கள். அவர் பாடியவை பெரும்பாலும் புதிதாக எழுதிய பாட்டுகள். ஆனால் உடுக்கையும் பம்பையும் போட்ட பழைய அடி அவற்றில் அப்படியே இருக்கிறது. அருள் வரவழைக்கும் பாட்டுக்கு வேண்டிய முரட்டுத்தனம் சபாக் குரல்களில் இல்லை, அவரிடம் இருந்தது. திருவாலங்காட்டில் சிவனோடு போட்டியிட்டு ஆடிய காளியை முதலில் கும்பிட்டுவிட்டுத்தான் ஆலங்காட்டப்பனிடம் போவது வழக்கம். அந்தக் காளி சந்நிதிக்கு ஈஸ்வரியின் குரலைவிடப் பொருத்தமான சினிமாக் குரல் எனக்குத் தெரியவில்லை.

இளையராஜாவின் 'திருவாசகம்' (2005) பற்றி ஏராளமாக எழுதியாயிற்று. புடாபெஸ்ட் வாத்தியக் குழு, ஸ்டீபன் ஷ்வார்ட்ஸின் ஆங்கில வரிகள், கோரஸ். கோயிலில் மோகனத்தில் ஓதப்படும் நூலை அவர் வேறொரு கட்டடமாகவே எழுப்பினார். பாடகர் பழம்பாட்டைப் பாடும் விவகாரத்தைவிட இசையமைப்பாளரின் விவகாரம் அது. இங்கே அதற்கு மேல் போக வேண்டியதில்லை.

அம்மையாரிடம் வருவோம். 1973இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த 'காரைக்கால் அம்மையார்' படத்துக்குக் குன்னக்குடி வைத்தியநாதன் இசை. புனிதவதியாக லட்சுமி, பேயுருக் கேட்டு வாங்கிய அம்மையாராக சுந்தராம்பாள். அறுபதைத் தாண்டிய வயது, சுருங்கிய முகம், இரும்புக் குரல். அம்மையார் வேடத்துக்கு இதைவிடச் சரியான ஆள் தமிழ்ச் சினிமாவில் பிறக்கவில்லை. சிவகுமாரும் ஸ்ரீவித்யாவும் ஆட, அவர் உச்சத்தில் பாடும் தாண்டவப் பாட்டு இன்றும் பரதநாட்டிய அரங்கேற்றங்களில் ஓடுகிறது. அருமையான பாட்டு, சந்தேகமில்லை. ஆனால் அம்மையாரின் பாட்டு அல்ல. அவருடைய தாண்டவப் பாட்டு பதினோராம் திருமுறையில் இருக்க, படத்துக்குப் புதிதாக ஒன்றை எழுதினார்கள்.

ஏன் என்பது பதிகங்களைத் திறந்தால் தெரியும். இரண்டு பதிகம், இருபத்திரண்டு பாட்டு. முதலாவதற்குப் பண் நட்டபாடை, அடுத்ததற்கு இந்தளம். கயிலாயமும் நந்தியும் வெண்பனியும் அங்கே இல்லை. நரம்பெடுத்து வற்றிய பெண்பேய், எட்டியும் கள்ளியும் படர்ந்த காடு, பாதி வெந்த பிணம், அதை இழுக்கும் நரி, கூவும் ஆந்தை. இதற்கு நடுவில்தான் ஆட்டம். பாடியவரும் தம்மைக் காரைக்கால் பேய் என்றுதான் சொல்லிக்கொள்கிறார். ஆடி வெள்ளிக்குக் குடும்பத்தோடு வரும் கூட்டத்துக்கு இதைக் காட்ட எந்தத் தயாரிப்பாளருக்கு மனம் வரும்? ஆகவே தாண்டவத்தை வைத்துக்கொண்டு சுடுகாட்டைக் கழற்றிவிட்டார்கள். இந்த ஊரின் நடராசர் செப்புத் திருமேனி எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய், புகைப்படமாகப் பிரெஞ்சுச் சிற்பி ரோதானை எட்டி, அவர் கையால் ஒரு கட்டுரையும் பெற்றது. அதே ஆட்டத்தைப் பார்த்துப் பாடிய பாட்டுக்குத் தன் ஊர்க் கடைத்தெருவின் ஒலிபெருக்கிவரைகூட வழி கிடைக்கவில்லை.

சினிமா பக்திக் குரலின் பொதுவான குணம் இனிமை. டி.எம்.எஸ். கம்பீரமாகப் பாடினாலும் அடியில் ஒரு குழைவு இருக்கும். சீர்காழியின் வெண்கல நாதத்திலும் மங்கலமே தொனிக்கும். அம்மையாரின் பதிகங்களுக்கு மங்கலம் உதவாது. சாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அழாமல், கொஞ்சம் கேலியோடும் பாடத் தெரிந்த குரல் வேண்டும். அப்படி ஒரு குரல் மரபு திருவாலங்காட்டிலிருந்து ரயில் ஏறினால் போய்ச்சேரும் வடசென்னையில் உயிரோடு இருக்கிறது. இழவு வீட்டில் இரவெல்லாம் பாடும் மரண கானா. செத்தவர் பெருமை, வாழ்ந்தவர் கூத்து, உடம்பு நிலையாமை எல்லாம் அதில் வரும். பாடகரின் குரலில் மெருகு இருக்காது, உண்மை இருக்கும். கானாவை ராக்கோடும் ராப்போடும் சேர்த்து 2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு மேடையேற்றியபோது அது பெரிய அரங்குக்கும் பொருந்தும் என்று ஊருக்குத் தெரிந்தது.

மூத்த திருப்பதிகத்தை அடுத்துப் பதிவு செய்யப் போகும் ஜனரஞ்சகப் பாடகர் ஒரு கானாக்காரராக இருக்க வேண்டும் என்பேன். ஓதுவார்கள் ஆட்சேபிக்கலாம், சைவ சபைகள் இன்னும் பலமாக ஆட்சேபிக்கும். அவர்களுக்குக் காட்ட முதல் பதிகத்திலேயே சாட்சி இருக்கிறது. துத்தம், கைக்கிளை முதலாக ஏழிசையின் பெயர்களையும் அடுக்கிவிட்டு, சுடுகாட்டுக் கச்சேரியின் வாத்தியங்களையும் அம்மையார் சொல்கிறார்: தக்கை, கரடிகை, தமருகம், குடமுழா, மொந்தை. வீணையும் தாளமும் உண்டு என்றாலும் பெரும்பகுதி தோல் கருவிகள். டோலக்கும் சட்டியும் அந்தக் கூட்டத்தில் அந்நியமாகத் தெரியாது.

ஒரு நிபந்தனையோடுதான் இதைச் சொல்கிறேன். நட்டபாடையை மாற்றக் கூடாது. சம்பந்தரின் முதல் பதிகத்துக்கும் அதே பண்தான். கம்பீரநாட்டையாக இன்றும் ஓதுவார்களிடம் உயிரோடு இருக்கிறது. மூன்று நிமிடத் தட்டு ஒழிந்து பல காலமாயிற்று. பதினோரு பாட்டையும் ஒரே மூச்சில் பதிவு செய்ய இன்று ஒரு தடையும் இல்லை, ஆகையால் ஒற்றைப் பாட்டைப் பிய்த்தெடுக்கும் பழைய சாக்கு செல்லாது. கானாவின் அடி எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். அந்தப் பாடகர் முதலில் ஓர் ஓதுவாரிடம் போய், எஸ்.பி.பி. புகழேந்தியிடம் கேட்ட மாதிரி, பண்ணை வரிவரியாகக் கேட்டுக்கொண்டு வர வேண்டும். ஓதுவாரும் அவருக்குத் திண்ணையில் இடம் போட வேண்டும்.